லோபு துவா: வயலுக்கு அடியில் ஒரு பட்டினம்

இந்தோனேசியாவில் ஏதாவது ஒரு பலசரக்குக் கடைக்குப் போய் "காப்பூர் பாருஸ்" வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் வெள்ளை நிறத்தில் சின்ன உருண்டைகளை எடுத்துத் தருவார். துணி அலமாரியில் பூச்சி அண்டாமல் இருக்கப் போடுகிறோமே, அதே உருண்டைதான். இன்று அது பெரும்பாலும் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் நாப்தலீன். வாயில் வைத்தால் நஞ்சு.

ஆனால் அதன் பெயர் மிகப் பழையது. 'காப்பூர்' என்பது நம்முடைய கற்பூரத்துக்கு உறவுச் சொல். 'பாருஸ்' என்பது ஓர் ஊர். பாருஸ் கற்பூரம் என்று பொருள். ஒரு காலத்தில் அரபு நாட்டு வணிகரும் சீன வணிகரும் தமிழ் வணிகரும் தேடி அலைந்த கற்பூரம் அந்த ஊர்த் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறியது. சரக்கு போய்விட்டது. பெயர் மட்டும் பூச்சி உருண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பழைய துறைமுகம் இருந்த இடத்தில் இன்று ஒரு விவசாயக் கிராமம் இருக்கிறது. அதன் பெயர் லோபு துவா. சுற்றுலாக் கையேடுகளில் பெரிதாகத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் 1088ஆம் ஆண்டு அங்கே தமிழில் எழுதிய கல் ஒன்றை நட்டு வைத்தார்கள். அந்தக் கல் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஊர் எங்கே இருக்கிறது?

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து சுமத்திரா தீவைப் பாருங்கள். அதன் கிழக்குக் கரை மலாக்கா நீரிணையைப் பார்க்கிறது. மெடான் போன்ற பெரிய நகரம் அந்தப் பக்கம்தான். மேற்குக் கரை இந்தியப் பெருங்கடலைப் பார்க்கிறது. அந்தக் கரையில் சிபோல்கா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதற்கு வடமேற்கே கரையோரமாக விரலை நகர்த்தினால் பாருஸ் என்ற சிறு நகரம் வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி லோபு துவா. வட சுமத்திரா மாகாணம், மத்திய தப்பானூலி மாவட்டம்.

இங்கே கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருப்பது ஒடுங்கிய சமவெளி. பின்னால் பாரிசான் மலைத்தொடர் சுவர் போல் எழும்பி நிற்கிறது. கடல் மேகம் மலையில் மோதுவதால் மழைக்குக் குறைவில்லை. சமவெளியில் நெல்லும் தென்னையும், மேடான நிலத்தில் ரப்பரும் எண்ணெய்ப் பனையும், கடற்கரையில் மீன்பிடி. மலையிலிருந்து இறங்கிய பத்தாக் மக்களும், 'பெசிசிர்' என்று அழைக்கப்படும் கரையோர மக்களும் அந்தப் பகுதியில் கலந்து வாழ்கிறார்கள். தேவாலயமும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு.

ஊரின் பெயரிலேயே ஒரு துப்பு இருக்கிறது. பத்தாக் மொழியில் 'லோபு' என்றால் முன்பு ஆட்கள் குடியிருந்து பின்பு விட்டுப்போன இடம். 'துவா' என்றால் பழைய. 'பழைய பாழூர்' என்று நாம் தமிழில் சொல்லலாம். எப்போதோ இங்கே ஓர் ஊர் இருந்தது, அது போய்விட்டது என்பதைப் பின்னால் வந்த மக்கள் அறிந்திருக்கிறார்கள். அதைப் பெயராகவே வைத்துவிட்டார்கள்.

மரத்துக்குள் ஒளிந்த சரக்கு

வணிகர்கள் இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்? அதற்கு முதலில் கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயிலில் தட்டில் வைத்துக் கொளுத்துவது சூடம். அம்மம்மா சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை போடுவது பச்சைக் கற்பூரம். இரண்டுக்கும் வாசனை கொஞ்சம் ஒத்துப்போகும். ஆனால் பிறப்பிடம் வேறு. சூடம் ஆதியில் சீனா, ஜப்பான் பக்கத்து மரம் ஒன்றின் கட்டையைக் காய்ச்சி எடுத்தது. பச்சைக் கற்பூரமோ சுமத்திரா, மலாய் தீபகற்பம், போர்னியோக் காடுகளில் வளரும் வேறொரு மரத்திலிருந்து வந்தது. இப்போது கடைகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் ஆலையில் செய்தது.

அந்தக் காட்டு மரம் 50, 60 மீட்டர் உயரம் வளரும். அதன் வைரக் கட்டையின் வெடிப்புகளுக்குள் கற்பூரம் வெள்ளைப் பளிங்குத் துகள்களாக உறைந்து கிடக்கும். கஷ்டம் என்னவென்றால், எந்த மரத்தில் கற்பூரம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மரத்தைச் சாய்த்துப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். பல மரங்களில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கிடைப்பது கொஞ்சம். இத்தனை உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் பொருளுக்கு விலை எப்படி இருக்கும்? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்திரா வழியாக ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, இந்தக் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் அந்த நாட்டை ஃபான்சூர் என்கிறார். பாருஸ் பகுதிக்கு அரபு வணிகர்கள் வழங்கிய பெயர் அது. புகழ் பெற்ற மலாய்க் கவிஞர் ஹம்சா ஃபான்சூரியின் பெயரில் இருப்பதும் அதே ஊர்தான்.

மரத்தைத் தேடிக் காட்டுக்குள் போனவர்கள் கப்பலில் வந்த வணிகர்கள் இல்லை. அது மலைவாழ் மக்களின் வேலை. எந்த மரத்தில் இருக்கலாம், எப்போது வெட்டலாம், எப்படிப் பிளக்கலாம் என்ற அறிவு முழுவதும் அவர்களிடம்தான் இருந்தது. அது எவ்வளவு நுணுக்கமான அறிவு என்பதற்குத் தீபகற்பத்தின் ஜொகூர் காடுகளிலிருந்து ஓர் உதாரணம். அங்கே கற்பூரம் தேடப் போகும் வனவாசிகள் காட்டுக்குள் தங்கள் வழக்கமான மொழியைப் பேசமாட்டார்கள். பல பொருள்களுக்கு வேறு பெயர் சொல்லும் தனிப் பேச்சு ஒன்றை வைத்திருந்தார்கள். வழக்கமான பெயரைச் சொன்னால் கற்பூரம் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சொற்களைப் பட்டியல் போட்டே எழுதி வைத்தார்கள்.

பாருஸின் மலைகளுக்கு இன்னொரு வாசனைப் பொருளும் சொந்தம். சாம்பிராணி! இதுவும் மரத்தின் பிசின். கற்பூர மரம் அரிதாகிவிட்டது, ஆனால் சாம்பிராணி இன்றும் உயிரோடு இருக்கும் தொழில். வட தப்பானூலி, ஹும்பாங் ஹசுந்துத்தான் மாவட்டங்களில் பத்தாக் விவசாயிகள் இப்போதும் மரத்தின் பட்டையைக் கீறி, பிசின் ஊறிக் கட்டியாகும் வரை காத்திருந்து சுரண்டி எடுக்கிறார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை எழும் புகைக்குப் பின்னால் இப்படிச் சில குடும்பங்களின் உழைப்பு இருக்கலாம்.

1088: ஒரு கல்

இனி கல்லுக்கு வருவோம்.

1873இல், சுமத்திரா டச்சுக்காரர்களின் பிடியில் இருந்த காலத்தில், லோபு துவாவில் எழுத்துள்ள கல் ஒன்று இருப்பது அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது. எழுத்து தமிழ் என்று தெரிந்தது. 1892இல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் அதன் சாரத்தை வெளியிட்டார். 1932இல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். பின்னர் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதை மறுபடியும் எழுத்தெழுத்தாகப் படித்து விரிவான வாசிப்பைத் தந்தார். கல் இப்போது ஜகார்த்தாவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லோபு துவாவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

கல் சொல்வதை என் வார்த்தைகளில் சுருக்கமாகச் சொல்கிறேன். சக ஆண்டு 1010, மாசி மாதம். நம் கணக்கில் அது 1088. 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் கூட்டத்தார் வாரோசு என்ற ஊரின் துறைமுகப் பகுதியில் கூடுகிறார்கள். அந்த ஊருக்கு 'மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்று ஒரு நீண்ட பெயரும் உண்டு. கூடியவர்கள் ஒரு முடிவு எடுக்கிறார்கள். இனிமேல் கப்பலில் வரும் தலைவனும் உடன் வருபவர்களும் கஸ்தூரியின் விலையை அளவாக வைத்துக் கணக்கிட்ட கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகுதான் 'பாவாடை' ஏறலாம். அந்தக் கட்டணம் தங்களைச் சேர்ந்த நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலானவர்களுக்குப் போய்ச் சேரும். கடைசியில் நல்லதை மறக்க வேண்டாம் என்ற பொருளில் ஓர் அறவுரை. அவ்வளவுதான்.

பாவாடை என்றதும் சிரிக்காதீர்கள். இன்று நாம் உடுப்பைச் சொல்கிறோம். பழைய தமிழில் பாவாடை என்றால் பெரியவர்கள் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணி. அந்த விரிப்பில் கால் வைப்பது ஊருக்குள் முறையாக நுழைவதைக் குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். முதலில் கட்டணம், பிறகு வரவேற்பு!

வாரோசு என்பதுதான் பாருஸ். தமிழில் இந்தப் பெயர் கல்லில் மட்டும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை ஒரு பட்டியலாகத் தருகிறார். அதில் இந்த ஊரின் பெயரே ஒரு கற்பூரத்தின் பெயராக வருகிறது. யாழ்ப்பாணத்தவர் சிலர் 'கொழும்பான்' என்று மாம்பழத்துக்குச் சொல்வார்களே, அதைப் போல. தமிழ்க் கடைத்தெருவில் 'வாரோசு' என்று சொன்னாலே சரக்கு புரிந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

யார் இந்த ஐந்நூற்றுவர்?

ஐந்நூற்றுவர் என்பது ஒரு குடும்பமோ சாதியோ அல்ல, வணிகர்களின் பெரிய கூட்டமைப்பு. அதன் பெயர் கர்நாடகத்தின் ஐஹொளெ ஊரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தமிழ், கன்னட, தெலுங்கு நாடுகளிலும் இலங்கையிலும் அவர்களுடைய கல்வெட்டுகள் உண்டு. பல ஊர், பல மொழி, பல தொழில் சேர்ந்த கூட்டம். வழித்துணைக்கு ஆயுதம் தாங்கிய வீரர்களையும் சேர்த்துக்கொண்டே பயணம் செய்தார்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் தமிழ் வணிகர் விட்டுச் சென்ற கல் இது ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். தாய்லாந்தின் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. அதில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழு வருகிறது. பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டில் விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டிய செய்தி தமிழில் இருக்கிறது. சீனாவின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு சிவன் கோயிலைக் குறிக்கிறது. குளம், மண்டபம், கோயில் என்று அவை பேசும்போது, லோபு துவாக் கல் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறது. என் தொழிலில் ஒரு சேவைக்குள் நுழையும் முன் "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்று அழுத்தச் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் இந்தக் கல் துறைமுகத்தில் நின்று செய்தது.

கல்லில் இல்லாதது

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

"இந்தோனேசியாவை ஆண்டது தமிழன்" என்று தலைப்புப் போட்டு, புலிக்கொடி பறக்கும் படத்தோடு காணொளிகள் நமக்கு வாரா வாரம் வருகின்றன. குடும்பக் குழுவில் யாராவது ஒரு மாமா அனுப்புவார். கீழே இருபது பேர் கைதட்டுவார்கள். சில காணொளிகளில் லோபு துவாக் கல்லின் படமும் வருகிறது. ஆகவே கல்லிடமே மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்த அரசனின் பெயர் இருக்கிறது? எந்த அரசனின் பெயரும் இல்லை. அப்போது சோழ நாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. அவன் பெயர் இந்தக் கல்லில் வரவில்லை.

இரண்டாம் கேள்வி: ஆண்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சோழர் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் கல்வெட்டு வெட்டினால், இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனை என்று எழுதுவதே வழக்கம். இங்கே சக ஆண்டு மட்டும் இருக்கிறது. அது பல நாட்டு வணிகருக்கும், சுமத்திரா, ஜாவா மக்களுக்கும் பொதுவாகப் புரியக்கூடிய ஆண்டுக் கணக்கு.

மூன்றாம் கேள்வி: 1025இல் முதலாம் இராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதே, அதில் இந்த ஊர் உண்டா? அந்தத் தாக்குதல் நடந்தது உண்மை. வென்ற ஊர்களை இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, இலாமுரி தேசம், கடாரம் என்று நீளும் அந்தப் பட்டியலில் வாரோசு இல்லை.

மூன்று பதிலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கிறது. லோபு துவாவில் தமிழ் எழுத்து வந்தது அரசர்களின் படையோடு அல்ல. வியாபாரக் கணக்கோடு வந்தது. பட்டினத்தின் நீண்ட பெயரில் சோழ நாட்டு வாடை அடிப்பது உண்மைதான். உய்யக்கொண்டான் என்ற பெயரில் திருச்சியில் ஒரு வாய்க்காலே ஓடுகிறது. வணிகர்கள் தங்கள் நாட்டுப் பெயர்களைக் கூடவே கொண்டுபோவார்கள். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடை வரிசையில் நடந்தால் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்கள் எத்தனை தட்டுப்படுகின்றன! அதனால் கனடாவை நாம் ஆள்கிறோம் என்று ஆகிவிடாது.

கல்லில் இல்லாதவர் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. கற்பூரம் வெட்டியவர்கள். கப்பல் தலைவன் இருக்கிறான், சேனாபதி இருக்கிறார், செட்டியார் இருக்கிறார். மலையிலிருந்து சரக்கைத் தூக்கி வந்தவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் இல்லாமல் வாரோசுக்கு ஒரு கப்பலும் வந்திருக்காது. கற்பூரமும் சாம்பிராணியும் மலையிலிருந்து இறங்கின. உப்பும் துணியும் கரையிலிருந்து மலைக்கு ஏறின. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பட்டினத்தின் அடித்தளம்.

மண் சொன்ன கதை

கல் சொல்லாததை மண் கொஞ்சம் சொன்னது. 1995இல் தொடங்கி சில ஆண்டுகள் பிரெஞ்சு, இந்தோனேசியத் தொல்லியலாளர்கள் சேர்ந்து லோபு துவாவில் அகழ்வாய்வு நடத்தினார்கள். கிளோட் கியோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். வயலுக்கும் தோட்டத்துக்கும் அடியில் ஒரு முழுப் பட்டினத்தின் குப்பை கிடந்தது. சொல்லப்போனால் தொல்லியலாளருக்குக் குப்பைதான் புதையல்.

சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியாவின் கண்ணாடித் துண்டுகள், இந்தியப் பக்கத்து மண்பாண்ட ஓடுகள், மணிகள், பொன் நகைத் துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. பீங்கானை விற்பதற்குக் கொண்டுவருவார்கள். சாதாரண மண்சட்டியை யார் கடல் கடந்து கொண்டு வருவார்? அங்கேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்தான். காற்று திசை மாறினால்தான் கப்பல் திரும்ப முடியும் என்பதால் வணிகர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். சிலர் வருடக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்தச் சட்டி ஓடுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மா முதன்முதலில் ரொறொன்ரோவுக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்த இடியாப்ப உரல்தான் நினைவுக்கு வந்தது.

மண்ணில் கிடைத்தவற்றை வைத்து, பட்டினம் 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது என்று கணித்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது முடிந்துபோனது. இந்தத் தேதியைக் கல்லின் தேதியோடு வைத்துப் பாருங்கள். 1088இல் கூடி, இனி வரும் கப்பல்களுக்கெல்லாம் இதுதான் விதி என்று கல்லில் வெட்டினார்கள். அதன்பின் ஒரு தலைமுறை அளவுக்குத்தான் ஊரே இருந்திருக்கிறது.

ஏன் முடிந்தது? பாருஸ் பகுதியின் பழங்கதையில் 'கெர்காசி' என்ற அரக்கர்கள் வந்து ஊரை அழித்ததாகவும் மக்கள் சிதறி ஓடியதாகவும் வருகிறது. வரலாற்றாசிரியர்கள் இந்த அரக்கரைக் கடல் கொள்ளையர் அல்லது வேறொரு தாக்குதலின் நினைவாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். எப்படியோ, அதன் பிறகு வணிகம் அருகிலிருந்த புக்கிட் ஹாசாங் என்ற இடத்துக்கு நகர்ந்து இன்னும் பல நூற்றாண்டு தொடர்ந்தது. லோபு துவா மெல்ல மெல்லக் காடாகி, பின்பு வயலாகியது. பாழூர் என்ற பெயர் வந்ததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு பாருஸ்

இன்று பாருஸ் பகுதிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் பழைய இஸ்லாமியக் கல்லறைகளைப் பார்க்கத்தான். 2017 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ பாருஸில் ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். இந்தோனேசியத் தீவுகளில் இஸ்லாமிய நாகரிகம் தொடங்கிய இடம் இது என்பது அந்தச் சின்னத்தின் செய்தி. ஐரோப்பிய அறிஞர்கள் வந்தால் கிரேக்க நிலநூல் அறிஞர் தாலமி எழுதிய 'பாரூசாய்' தீவுகள் இதுவா என்று விவாதிக்கிறார்கள். தமிழர்கள் வந்தால் ஐந்நூற்றுவர் கல் நின்ற இடத்தைத் தேடுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாட்டனாரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. வேரைத் தேடுவது மனித இயல்பு. ஆனால் தேடி வருகிறவர் கண்ணில் இப்போது அங்கே வாழ்கிறவர் படாமல் போய்விடக் கூடாது. மண்வெட்டி போட்டால் பழைய ஓடும் மணியும் எழும்பி வரும் நிலத்தில் நெல் விளைவிக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது முதலில் வயல். பிறகுதான் தொல்லியல் களம். நிலத்தில் கிடைத்த பெரிய கல் நூறு ஆண்டுக்கு முன்பே தலைநகரத்துக்குப் போய்விட்டது. அதில் எழுதியிருப்பதை அவர்களால் படிக்க முடியாது. நம்மில் பலராலும் நேரடியாகப் படிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 11ஆம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தத் தமிழ் வணிகர்கள் என்ன ஆனார்கள்? சிலர் திரும்பிப் போயிருப்பார்கள். சிலர் அங்கேயே கலந்திருப்பார்கள். சுமத்திராவின் காரோ மேட்டுநிலத்தில் செம்பிரிங் என்ற குலம் இருக்கிறது. அதன் கிளைகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமனா என்ற பெயர்கள் உண்டு. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள என்ற சொற்களின் எதிரொலி என்று இவற்றை அறிஞர்கள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெயரை உடையவர்கள் காரோ மொழி பேசும் காரோ மக்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நம் ஊர்ப் பெயர் உங்களிடம் இருக்கிறது, ஆகவே நீங்கள் எங்களவர் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. உங்கள் பெயரும் எங்கள் பெயரும் எங்கோ ஒருமுறை சந்தித்திருக்கின்றன என்று சொல்லலாம். அதுவே போதுமான அளவுக்குப் பெரிய செய்தி.

நாம் எதை எடுத்துக்கொள்வது?

வெளிநாட்டில் பிறந்து வளரும் நமக்கு வரலாறு ஓர் ஊன்றுகோல். பள்ளியில் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று மனம் ஏங்கும். அப்போது புலிக்கொடியும் போர்க்கப்பலும் கைகொடுப்பது போலத் தோன்றும். எனக்கும் உங்கள் வயதில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் சற்று யோசியுங்கள். ஒரு நாட்டை வென்றோம் என்ற பெருமையை அந்த நாட்டுக்காரன் முன்னால் நின்று சொல்ல முடியுமா? லோபு துவாவின் வயல் வரப்பில் நின்று ஒரு விவசாயியிடம் சொல்லிப் பார்க்க முடியுமா? ஐந்நூற்றுவரின் கதையைச் சொல்லலாம். அவருக்கும் அது சுவையாக இருக்கும். எங்கள் ஊர் வணிகர்கள் உங்கள் மலையின் கற்பூரத்துக்காகக் கடல் கடந்து வந்தார்கள். உங்கள் மண்ணில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். தங்கள் ஆட்களுக்கும் விதி வகுத்து, அதைக் கல்லில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி நட்டார்கள். உங்கள் ஊரின் பெயரை எங்கள் உரையாசிரியர் ஒருவர் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொல்லக் குரலை உயர்த்தத் தேவையில்லை. தலையைக் குனியவும் தேவையில்லை.

என்றாவது ஜகார்த்தா போனால் தேசிய அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லைக் கேட்டுப் பாருங்கள். வாய்ப்புக் கிடைத்து பாருஸ் வரைக்கும் போக முடிந்தால், பத்தாக் மக்களின் வணக்கச் சொல்லான "ஹோராஸ்!" சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். நெல் எப்படி, இந்த வருடம் மழை எப்படி என்று முதலில் கேளுங்கள். கல்லைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். அது ஒன்பது நூற்றாண்டு காத்திருந்திருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கும்.